காலில் தொடங்கும் அரங்கு



ஆட்டம், பாட்டு, நடிப்பு என்று பல துறைகளையும் ஒரே உடம்பில் ஏந்திய ஒரு கலைஞர் அரங்குக்குள் எந்த வழியால் வருகிறார் என்று பேசும்படி இந்த அறக்கட்டளையினர் என்னைக் கேட்டிருந்தார்கள். பல நாள் யோசித்தேன். எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அது காலால் வருகிற வழி. ஆகையால் இன்று நான் கால்களைப் பற்றியே பேசப் போகிறேன்.

முள்ளியவளைப் பக்கத்தில் காலபோக வெட்டு முடிந்து, சூடு மிதித்து, நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் கூத்துப் பழக்கம் தொடங்கும். வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். சிலாவத்தைக் கடலில் எடுத்த உப்புத்தண்ணீரில் விளக்கு எரியும் காலம். அதை மனதில் வைத்துக்கொண்டு பங்குனி, சித்திரை இரவுகளில் கோவலன் கூத்துப் பழகுவார்கள். சூடு மிதித்த அதே களத்திலேதான் பழக்கம் நடக்கும். மாட்டுக் குளம்பு மிதித்து இறுகிய மண். பத்து வயதில் என்னைச் சித்தப்பா அங்கே கூட்டிக்கொண்டு போனார். எனக்கு ஒரு பாட்டுத் தருவார்கள், ஒரு வேடம் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு கிழமையும் ஒரு அடி பாட்டுக்கூடத் தரவில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் தாளக்கட்டைச் சொல்வார், மத்தளம் அதைத் திருப்பிச் சொல்லும், நாங்கள் அதை மண்ணில் மிதிக்க வேண்டும். கால் பிழைத்தால் மத்தளம் நின்றுவிடும். அந்த இருட்டில் மத்தளம் நின்றால் யாருடைய கால் பிழைத்தது என்று களத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பிழைத்தவனுக்கும் தெரியும்.

மூன்றாம் கிழமை கால் பிடிபட்டது. அதன் பிறகு அண்ணாவியார் பாட்டைச் சொன்னபோது அது எனக்குப் புதிதாகவே படவில்லை. எங்கே மூச்சு எடுப்பது, எங்கே சொல்லை நீட்டுவது என்பது காலுக்கு முதலே தெரிந்திருந்தது. அரசன் எப்படி நடப்பான், கட்டியகாரன் எப்படி வருவான் என்பதும் வரவு ஆட்டத்தின் மிதிப்பிலேயே இருந்தது. அரசன் பெரிய எட்டு வைப்பான். கண்ணகியின் கால் நிலத்தை விட்டு அதிகம் எழும்பாது. நடிப்பு என்று எனக்கு யாரும் தனியாகச் சொல்லித் தரவில்லை. இன்றைக்குப் பல்துறைக் கலைஞர் என்று ஒரு சொல்லைப் பெருமையாகச் சொல்கிறோம். எங்கள் ஊரில் அப்படியான ஆளுக்குக் கூத்தாடி என்றுதான் பெயர். ஆடத் தெரிந்து பாடத் தெரியாதவருக்கும், பாடத் தெரிந்து ஆடத் தெரியாதவருக்கும் களரியில் இடம் இருக்கவில்லை.

இப்படிக் காலால் வந்து பல்கலைக்கழகம் வரை போன ஒருவரை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். பேராசிரியர் சி. மௌனகுரு 1943இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். வந்தாறுமூலைப் பாடசாலையில் மாணவராக இருந்தபோதே கூத்து ஆடினார். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இருந்தார். அதே வளாகத்தில் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவும் இருந்தார். சரச்சந்திரவின் 'மனமே' 1956 நவம்பர் 3ஆம் திகதி கொழும்பில் மேடையேறிச் சிங்கள அரங்கையே திருப்பிப் போட்டது. அந்த நாடகத்துக்கு அடித்தளமான நாடகம என்ற ஆட்டவகை தமிழ்க் கூத்தில் இருந்து சிங்களக் கரையோரக் கிராமங்களுக்குப் போனது. தங்கள் பிள்ளை வேறொரு வீட்டில் வளர்ந்து பெரிய ஆளாகி நிற்பதைப் பார்த்த தாய் தகப்பன் நிலைதான் அன்று தமிழ் அறிஞர்களுக்கு. வித்தியானந்தன் கூத்தைத் தேடிக் கிராமம் கிராமமாகப் போனார். அலங்காரரூபன் நாடகத்தை 1962இலும், எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தை 1964இலும் பதிப்பித்தார். கர்ணன் போர் 1962இலும், நொண்டி நாடகம் 1963இலும், இராவணேசன் 1965இலும், வாலி வதை 1967இலும் அவருடைய தயாரிப்பில் மேடையேறின. இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மௌனகுரு.

அந்த இராவணனை நேரில் பார்த்தவர்கள் இன்றும் அவருடைய கால்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். அதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். பிறகு அவர் எழுதினார், நெறியாண்டார், 1969இல் 'சங்காரம்' என்ற நாடகத்தைக் கூத்து ஆட்டத்தோடு உருவாக்கிச் சாதிக்கும் வர்க்க வேறுபாட்டுக்கும் எதிராக மேடையில் நிறுத்தினார். சிறுவர்களுக்குத் 'தப்பி வந்த தாடி ஆடு' எழுதினார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பித்தார். ஓய்வு பெற்ற பிறகும் அரங்க ஆய்வு கூடம் என்று ஒன்றை வைத்து இளையவர்களைப் பழக்கினார். கவனியுங்கள், அவர் படித்துவிட்டு ஆட வந்தவர் அல்லர். ஆடிய கால் அவரைப் படிக்கக் கூட்டிப் போனது. கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வை அவர் உடம்பு ஏற்கனவே பாதி செய்து வைத்திருந்தது என்று நான் சொல்வேன்.

வித்தியானந்தன் விடிய விடிய ஆடிய கூத்தைச் சுருக்கினார். சுற்றிவர இருந்து பார்த்த வட்டக்களரியில் இருந்து அதை ஒருபக்க மேடைக்கு ஏற்றினார். இதற்காக அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. கூத்து கிராமத்திலேயே, அந்த மக்களோடேயே இருந்து மீளுருவாக வேண்டும் என்று சி. ஜெயசங்கர் போன்றவர்கள் வாதாடி, மட்டக்களப்பு சீலாமுனையில் அதைச் செய்தும் காட்டினார்கள். என் மனம் ஜெயசங்கர் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் படித்தவர்கள் கூத்தைப் பார்த்துக் கூச்சப்பட்ட ஒரு காலத்தில் வித்தியானந்தன் அதைத் தலைநிமிர்த்தி நிறுத்தினார். அந்தக் கடனை மறக்கக் கூடாது.

இந்த வாதத்தில் யாரும் அதிகம் பேசாத ஒரு விடயம் உண்டு. களரி மண், மேடை பலகை. மண்ணில் ஆடும்போது கேட்பது சதங்கை. பாதத்தின் சத்தத்தை மண் வாங்கிக்கொள்ளும். பலகையில் ஏறியதும் பாதமே பேசத் தொடங்குகிறது. நான் முதன்முதல் ஒரு பாடசாலை மண்டபத்தின் பலகை மேடையில் ஆடியபோது என் காலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். ஒரு சிறு பிசகும் மண்டபத்தின் கடைசி வரிசை வரை போனது. மண்ணில் மன்னிக்கப்பட்ட பிழைகள் பலகையில் மன்னிக்கப்படவில்லை.

பாதம் பேசுவதையே முழுக் கலையாக வளர்த்தவர்கள் அமெரிக்காவில் இருந்தார்கள். டாப் நடனம் என்று அதற்குப் பெயர். சப்பாத்தின் நுனியிலும் குதியிலும் உலோகத் தகடு அடித்து, பலகையில் தட்டி ஆடுவது. ஆடுபவரே வாத்தியக்காரர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அந்த ஆட்டம் விளங்கும். இது எப்படிப் பிறந்தது என்பதை வன்னி மக்கள் அறிந்திருக்க வேண்டும். 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைப்பட்ட ஆபிரிக்க மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பறை முழக்கி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு நடந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1740இல், அங்கே ஒரு சட்டம் வந்தது. அடிமைகள் பறையும் கொம்பும் வைத்திருப்பதையும் முழக்குவதையும் அது தடுத்தது. கையில் இருந்த பறையைப் பிடுங்கினார்கள். தாளம் கைக்கும் தொடைக்கும் நெஞ்சுக்கும் காலுக்கும் இறங்கியது. பிறகு அயர்லாந்துக் குடியேறிகளின் கால் ஆட்டமும், லங்காஷயர் ஆலைத் தொழிலாளரின் மரச்செருப்பு ஆட்டமும் அதோடு நகரத்துச் சேரிகளில் கலந்தன. 1842இல் நியூயோர்க்கின் ஃபைவ் பொயின்ற்ஸ் என்ற ஏழைக் குடியிருப்பில் ஒரு கறுப்பு இளைஞனின் ஆட்டத்தைப் பார்த்து வியந்து சார்ள்ஸ் டிக்கன்ஸ் தன் பயணநூலில் எழுதினார். அவன் மாஸ்டர் ஜூபா என்று பெயர் பெற்ற வில்லியம் ஹென்றி லேன் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு.

இதை முதன்முதல் வாசித்தபோது எனக்குச் செட்டிகுளம் நினைவுக்கு வந்தது. 2009இல் அங்கே இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கூடாரத்துக்கு முன்னால் ஒரு மாலை. மத்தளம் இல்லை, சதங்கை இல்லை, ஏடு இல்லை. எல்லாம் வழியில் போய்விட்டன. ஒரு பெடியன் வெறும் தண்ணீர்க் கானைக் கவிழ்த்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் கூத்துத் தாளத்தைத்தான் தட்டுகிறான் என்பது அவனுக்கே தெரியாது, பக்கத்து வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்த கை. வரிசையில் நின்ற ஒரு முதியவரின் கால் எழும்பியது. ஒருதரம், இரண்டுதரம். பிறகு அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அதற்கு மேல் ஆடவில்லை. நான் அந்த இடத்தை விட்டு விலகிப் போய் அழுதேன். எல்லாவற்றையும் இழந்த பிறகும் கால் எதையோ வைத்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நம்முடைய பக்கத்துக் கால்களுக்கும் அந்த அமெரிக்கக் கால்களுக்கும் உறவு உண்டா என்று கேட்பீர்கள். கொல்கத்தாவில் பிறந்த கதக் ஆசான் பண்டிதர் சித்ரேஷ் தாஸ், தன்னைவிட வயதில் மிக இளையவரான டாப் கலைஞர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித்தோடு சேர்ந்து 2005இல் 'இந்தியா ஜாஸ் சூட்ஸ்' என்ற நிகழ்ச்சியை மேடையேற்றினார். ஒருவர் வெறுங்காலில் சதங்கையோடு, மற்றவர் தகடு அடித்த சப்பாத்தோடு. ஒருவர் ஒரு கணக்கை மிதித்துக் காட்ட மற்றவர் அதைத் தன் பாணியில் திருப்பிக் கொடுப்பார். இருவருக்கும் பொதுவாக ஒரு பேச்சுமொழி தேவைப்படவில்லை. எங்கள் களத்தில் அண்ணாவியாரின் மத்தளமும் எங்கள் காலும் செய்ததைத்தான் அவர்கள் காலும் காலுமாகச் செய்தார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததுக்கு வருகிறேன். காலைப் பற்றி வன்னியில் நின்று ஒருவர் பேசுகிறார் என்றால், கால் இழந்தவர்களைப் பற்றிப் பேசாமல் இறங்கக் கூடாது. இந்த மண்டபத்திலேயே செயற்கைக் காலோடு வந்திருப்பவர்களை நான் பார்க்கிறேன். எறிகணையும் மிதிவெடியும் இந்த மண்ணில் எத்தனை குடும்பத்தின் நடையை மாற்றின என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காலில் தொடங்குவது அரங்கு என்று நான் சொன்னபோது அவர்களில் ஒருவருக்காவது மனம் சுருங்கியிருக்கும். அவருக்காகத்தான் இந்தச் சொற்பொழிவை எழுதினேன்.

தமிழில் நொண்டி நாடகம் என்று ஒரு பழைய வகை உண்டு. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பெருகியது. திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம் என்று பல. தலைமைப் பாத்திரம் ஒற்றைக் காலில் ஆடிக்கொண்டே தன் கதையைச் சிந்தில் பாடும். நொண்டிச்சிந்து என்ற பா வடிவத்துக்கே அதில் இருந்துதான் பெயர். ஒற்றைக் காலில் தாளம் தவறாமல் ஆடிப் பாடுவது எத்தனை கடினம் என்று ஆடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அதை ஒரு பெரிய ஆட்டத் திறமையாகத் தமிழர் வளர்த்து வைத்திருந்தார்கள். ஆனால் கதை என்ன சொல்கிறது? அவன் தாசி வீட்டில் பொருளைத் தொலைத்தவன், குதிரை திருடப் போனவன், அகப்பட்டு அங்கம் வெட்டப்பட்டவன். கடைசியில் தெய்வத்தின் அருளால் கால் திரும்ப முளைக்கிறது. ஊனம் குற்றத்தின் தண்டனை, குணமானால்தான் கதை முடியும் என்பது அதன் கருத்து. ஆட்டத்தை நான் வணங்குகிறேன். அந்தக் கருத்தை ஏற்க மாட்டேன். நம் பிள்ளைகள் எந்தக் குதிரையையும் திருடவில்லை. பங்கருக்குள் இருந்தபோதும், தண்ணீர் அள்ளப் போனபோதும் கால் போனவர்கள் அவர்கள். அந்த ஆட்டத்துக்குப் புதிய கதை எழுத வேண்டிய கடமை வன்னி எழுத்தாளருக்கு இருக்கிறது. 'பண்டாரவன்னியன்' நாடகம் தந்த முல்லைமணி இந்த மண்ணில் இருந்து எழுதியவர். அந்த வரிசையில் வரும் ஒருவரிடம்தான் நான் இதைக் கேட்கிறேன்.

அப்படி ஒரு புதிய கதையை வாழ்ந்தே காட்டிய டாப் கலைஞர் ஒருவர் உண்டு. கிளேற்றன் பேற்ஸ் என்பவர் 1907இல் தென் கரோலினாவில் ஃபவுண்டன் இன் என்ற ஊரில் பிறந்தார். பறைக்குச் சட்டம் போட்ட அதே தென் கரோலினா. தாய் குத்தகை வயலில் பாடுபட்டவர். சிறு வயதிலேயே வெறுங்காலில் ஆடிச் சில்லறை வாங்கினார். பன்னிரண்டு வயதில் பருத்திக்கொட்டை ஆலையில் வேலை செய்தபோது இயந்திரம் இடது காலைப் பிடித்தது. கறுப்பின மக்களை எடுக்கும் ஆசுப்பத்திரி பக்கத்தில் இல்லாதபடியால் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்துத்தான் காலை எடுத்தார்கள். அவருடைய மாமன் ஒரு மரக்காலைச் செதுக்கிக் கொடுத்தார். பதினைந்து வயதில் அவர் மீண்டும் ஆட்டக்காரர். ஒரு பாதத்தில் உலோகத் தகடு, மற்றப் பக்கம் மரம். இரண்டும் வேறு வேறு குரலில் பேசும். மற்ற டாப் கலைஞர்களிடம் இல்லாத ஒரு ஆழ்ந்த சத்தம் அவரிடம் இருந்தது. உடுக்கும் உடையின் நிறத்துக்கு ஏற்ப மரக்கால்களும் வைத்திருந்தார். மறைப்பதற்கு அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. மரக்கால் பேற்ஸ் என்ற பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். எட் சலிவன் என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இருபது தடவைக்கு மேல் ஆடினார். 1951இல் நியூயோர்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் கறுப்பின மக்கள் மானத்தோடு தங்கிக் களிக்க ஒரு விடுதியைத் தொடங்கி 1987 வரை நடத்தினார். 1998இல், தொண்ணூறு வயது தாண்டி இறந்தார்.

பேற்ஸ் மரக்காலை ஒரு வாத்தியமாகப் பார்த்தார். குறையை மறைத்து மற்றவரைப் போல ஆட முயன்றிருந்தால் அவர் ஒரு சராசரி ஆட்டக்காரராக இருந்திருப்பார்.

சுதா சந்திரனின் வழி வேறு. 1981இல் திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்தில் பஸ் விபத்தில் காயப்பட்டு, காயம் பழுதாகி, வலது காலை இழந்த பரதநாட்டியக் கலைஞர். ஜெய்ப்பூர் கால் பொருத்தி, வலியோடு பழகி, 1984இல் மேடை ஏறினார். அடுத்த ஆண்டே அவருடைய வாழ்க்கையை வைத்து 'மயூரி' என்ற தெலுங்குப் படம் வந்தது, அவரே அதில் நடித்தார். ஆட்டத்தில் இருந்து அவர் நடிப்புக்குள் நுழைந்ததும் அந்தக் காலோடுதான். ராம்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய அந்த ஜெய்ப்பூர் கால் நமக்குப் புதிது இல்லை. ரப்பர் பாதம், சப்பாத்து வேண்டாம், சம்மணம் கட்டலாம், சேற்று வயலில் இறங்கலாம். வெறுங்காலோடு வாழ்கிறவர்களை நினைத்துச் செய்த கால். ஆகையால் அது கூத்துக்கும் கால். களரியில் சப்பாத்துப் போட மாட்டோம் அல்லவா?

ஆசிரியர்களிடம் ஒரு மனத்தாங்கலைச் சொல்லி விடுகிறேன். போட்டிக்குக் கூத்துப் பழக்கும் பல இடங்களில் இப்போது பாட்டையும் மத்தளத்தையும் பதிவுசெய்து பென் டிரைவில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஆட விடுகிறார்கள். பிள்ளை பிழைத்தாலும் அந்த மத்தளம் நிற்காது. அது பிள்ளையின் காலைப் பார்க்காது. செயற்கைக் காலோடு ஒரு பிள்ளை அரை மாத்திரை பிந்தினால் மத்தளக்காரர் பார்த்து அதற்கு ஏற்பத் தாளத்தை விரித்துக் கொடுப்பார், பதிவு விட்டுவிட்டுப் போய்விடும். கூத்தில் காலும் மத்தளமும் கதைக்கின்றன. அந்தக் கதையை நிறுத்திவிட்டால் மிஞ்சுவது உடுப்பும் ஒப்பனையும் மட்டும்தான். வாத்தியக்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை என்பது உண்மையான கஷ்டம், அதை நான் அறிவேன். அப்படியானால் அண்ணாவியார் தாளக்கட்டை வாயால் சொல்லட்டும், பெடியள் மேசையில் தட்டட்டும். அதுவும் போதும்.

பெண்பிள்ளைகளுக்கும் ஒன்று. யானையைப் பிடித்துக் கட்டிய வேலப்பணிக்கன் மனைவி அரியாத்தையின் கதை நம்முடையது. ஒப்பாரியாகப் பாடிய கதையை அருணா செல்லத்துரை 'வேழம்படுத்த வீராங்கனை' என்று கூத்தாகவும் நூலாகவும் தந்தார். பெண் வேடத்தை ஆண்கள் கட்டிய காலம் போய்விட்டது. அரியாத்தையின் வரவை ஒரு வன்னிப் பெண்பிள்ளை மிதித்து வரும்போது அந்த யானை எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியும்.

மூத்த அண்ணாவிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டைப் பதிவு செய்கிறோம், நல்லது. கால்களையும் படம் பிடியுங்கள். கமராவை முகத்தில் இருந்து கீழே இறக்கி, பாதம் நிலத்தைத் தொடும் இடத்தில் வையுங்கள். தாளக்கட்டுகள் ஏட்டில் முழுதாக இல்லை. அவை அந்தப் பாதங்களில்தான் இருக்கின்றன.

வரும் தை, மாசியில் காலபோக வெட்டு முடிந்ததும் எங்கள் களத்தில் பழக்கம் தொடங்கும். இரவு ஏழு மணிக்கு மத்தளம் கேட்கும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள். செயற்கைக் கால் போட்டிருப்பவர் அதோடேயே வாருங்கள், மத்தளக்காரர் உங்கள் காலைப் பார்த்துத்தான் வாசிப்பார்.